நடுப்பாதையில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி

1

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் முடிந்த அதே வாரத்தில், நான் இந்த ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் ஒரு புகார் கொடுத்து, நன்றாக அசடு வழிந்துவிட்டு வந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் சிரித்து முடித்தாயிற்று.

நாங்கள் இருப்பது கனடாவில் ஒரு நடுத்தர ஊர். குழாய் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. தை மாதம் என்றால் இங்கே முழங்கால் மட்டும் பனி கிடக்கும். அந்த வாரம் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்பதால் வேறு பேருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. பழக்கமில்லாத நிறுத்தம், பழக்கமில்லாத தெரு. எதிரே ஒரு பழைய செங்கல் கட்டடம். அதன் நாலாவது மாடியில் ஒரு ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, மேலே ஒரு சட்டைகூட இல்லாமல், இடுப்பு வரைக்கும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை பிடிமானமில்லாமல் காற்றில் நீண்டிருந்தது.

கத்தலாமென்று வாயைத் திறந்தேன், பேருந்து வந்து குறுக்கே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் ஏறிவிட்டேன். ஏறின பிறகு உட்கார முடியவில்லை. நகராட்சி அலுவலகத்து வாசலில் இறங்கி, உள்ளே ஓடி, முதலில் கண்ணில் பட்ட அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். பதற்றத்தில் எனக்கு வருகிற ஆங்கிலம் நம்மூரில் தாசில்தாருக்கு மனு எழுதுகிற ஆங்கிலம். 'தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்' என்ற தோரணையில் நான் ஆரம்பிக்க, அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பெயர், முகவரி, புகாரின் தன்மை. அங்கே பிள்ளை விழப்போகிறது, இங்கே நான் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கட்டடம் இருக்கும் தெருவை எழுதினதும் அந்த அம்மாளின் முகம் மாறியது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

அது ஜன்னலே இல்லை. சுவர். போன கோடையில் நகராட்சியே ஓர் ஓவியரை அமர்த்தி வரையச் சொன்ன படம். திறந்த கதவு, குழந்தை, விளிம்பில் விழுகிற நிழல், எல்லாம் பெயிண்ட். "வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு முன்பே இரண்டு பேர் வந்தாயிற்று" என்று ஆறுதல் சொன்னார். படிவத்தை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். படத்தைத் தொடங்கும் முன்பு அந்த ஓவியர் ஒரு வாரம் முழுக்க அந்தப் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்திருந்தாராம். சனங்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டாராம். அதனால் அங்கே நிற்கிறவர்களுக்குத்தான் அது ஜன்னல். பத்தடி தள்ளிப்போனால் கோணலாக ஏதோ தீட்டிவைத்த சுவர்.

சாயங்காலம் வீட்டில் சொன்னதும் என் மனைவி ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் மகள் அனிதாவுக்குப் பதினோரு வயது. அவள் சிரிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் யாருக்காவது தெரிந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். நான் அந்த ஓவியர் வந்து உட்கார்ந்திருந்த கதையையும் சொன்னேன். ரெஜினாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நிக்கிற எடத்தப் பாத்துட்டுப் போட்டிருக்கான் பாருங்க. அதே மாதிரி நீங்களும் பாத்திருந்தா எங்க அண்ணன் அன்னைக்கு அத்தன பேரு முன்னால தலை குனிஞ்சு நின்னிருக்காது" என்றாள்.

கல்யாண நாள் வந்தால் எங்கள் வீட்டில் அவள் அண்ணன் பேச்சு வரும். அவள் அண்ணன் வந்தால் பின்னாலேயே என் தப்பும் வரும். இந்த வருஷம் தப்பு கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது.

2

எங்கள் ஊர் கொடைக்கானலிலிருந்து கீழே இறங்குகிற பாதை ஒன்றில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பங்கள் பாதி, பங்களாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் பாதி. சவரிமுத்து ரெஜினாவுக்குப் பெரியப்பா மகன். எனக்கு அதற்கும் முந்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி.

அவன் பெயிண்டர். வெள்ளையடிக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டுத் தூணில் பழுப்புச் சாயம் பூசி, அது காய்வதற்குள் பழைய சீப்பால் ஒரு இழுப்பு இழுத்தானென்றால் அது தேக்குத் தூண். வந்தவர்கள் தட்டிப்பார்த்துவிட்டு விரலை உதறுவார்கள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில், இருட்டான நடையின் கோடிச் சுவரில், ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் வரைந்தான். மதராஸ்காரர் ஒருவர் அறை எடுத்த அன்றைக்கே அதைத் திறக்கப்போய் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். அதை அவர் புகாராகச் சொல்ல, முதலாளி அதையே சொல்லிச் சொல்லி அறைக்கு ஆள் பிடித்தார். அவன் எதற்கும் அளவு எடுக்க மாட்டான். நாலு தரம் நடந்து பார்ப்பான், உட்கார்ந்து பார்ப்பான், அப்புறம் கை வைப்பான்.

நான் அளவு எடுக்கிறவன். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பட்டறையில் வரைபட உதவியாளனாக இருந்தேன். அங்கே நூலகத்தில் வெள்ளைக்காரர் எழுதிய வரைபடப் புத்தகம் ஒன்று இருந்தது. தட்டையான சுவரில் ஆழம் காட்டுவது எப்படி என்று அதில் ஒரு பெரிய பாடம். பார்க்கிறவனின் கண் உயரத்தில், கண்ணுக்கு நேராகச் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு நூல். உள்ளே போகிற கோடுகள் எல்லாம் அந்த நூலின் வழியே போய் அந்த ஆணியில் சேர வேண்டும். இவ்வளவுதான். இதைப் படித்த நாள் முதல் உலகத்துக்கே நான்தான் ஆணி அடித்த மாதிரி நடக்க ஆரம்பித்தேன்.

எங்கள் இருவரையும் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம். பிற்பகல் நாலு மணிக்கு மேல் வெயில் முதுகில் அடிக்க, கீழே பள்ளத்தில் மேகம் நிறைந்திருந்தால், பாறை விளிம்பில் நிற்கிறவனின் நிழல் அந்த மேகத்தில் விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். ஒருநாள் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"ஏலே, வளையம் எந்தலைக்குத்தான் இருக்கு. ஒனக்கு இல்ல" என்றான் சவரிமுத்து.

"பொய் சொல்லாத. எனக்குத்தான் இருக்கு, ஒன் நிழல் மொட்டையா நிக்குது."

சத்தியம் பண்ணாத குறையாகச் சண்டை போட்டோம். பிறகு பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பார்த்தால், அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் அந்த வளையம் தெரியுமாம். அடுத்தவன் தலை வளையம் தெரியவே தெரியாதாம். சவரிமுத்துவிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு பேருக்குமே இருக்குன்னு வச்சுக்குவோம்" என்று விட்டுவிட்டான். எனக்கு அப்படி விட மனசில்லை என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

3

எங்கள் கத்தோலிக்கக் கோயில் மிகவும் சின்னது. பீடத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைச் சுவர். பெருநாளில் பாதி சனம் வெளியே பனியில் நிற்கும். கட்டடத்தை நீட்ட வழியில்லை, பின்னால் பாறை. எனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணம் நிச்சயமான சமயம் அது. பங்குச் சாமியாரிடம் போய் நானே சொன்னேன்: பாறையை வெட்ட வேண்டாம் சாமி, சுவரிலேயே கோயிலை நீட்டிக் காட்டுகிறோம். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ஓடுகிற இரண்டு உத்தரங்களும் சுவருக்குள்ளே புகுந்து இன்னும் ஐம்பது அடி போகிற மாதிரி, தூண்களோடு, கல் பாவிய தரையோடு. அவருக்குப் பிடித்துப்போயிற்று.

நடுப்பாதையில் நின்று, என் கண் உயரத்தை அளந்து, தரையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு நேரே சுவரில் ஆணி அடிக்கச் சொன்னேன். சவரிமுத்து சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"மாப்ளே, இங்கன யாருடா நிக்கப் போறா?"

"ஏன்?"

"பொம்பளையாளுக இடப்பக்கம், ஆம்பளையாளுக வலப்பக்கம். நடுவுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதுவும் எல்லாரும் பாய் விரிச்சுத் தரையிலதான உக்காருறாங்க. நீ நின்னு பாத்து அளவு எடுக்குற."

"புத்தகத்துல இப்பிடித்தான் போட்டிருக்கு. ஒனக்குத் தெரியாது, அடி."

அந்தப் புத்தகம் எழுதியவரின் கோயிலில் பெஞ்சு உண்டு. ஆணும் பெண்ணும் கலந்து உட்காருவார்கள். நம் கோயிலில் நடுப்பாதை எப்போதும் காலி. சிலுவை ஊர்வலம் வரும், மணமக்கள் வருவார்கள், சவப்பெட்டி வரும். மற்றபடி அங்கே ஒரு பிள்ளை ஓடினாலும், சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் காதைப் பிடித்து இழுத்து உட்கார்த்துவார். பிறந்ததிலிருந்து அந்தத் தரையில் வலப்பக்கம் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியவன் சொன்னபோதும் கேட்கவில்லை.

சவரிமுத்து அடித்தான். மூன்று வாரம் வேலை. நான் நூலைப் பிடித்துக் கோடு காட்ட, அவன் வண்ணம் வைத்தான். அந்தத் தூண்களின் கல்லைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போல இருந்தது. முடித்த அன்று நான் புள்ளியில் நின்று பார்த்தேன். உத்தரம் எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் இடப்பக்கம் போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து தூரிகைகளைக் கழுவப் போனான்.

புதன்கிழமை எங்கள் கல்யாணம். ரெஜினா வாசலிலிருந்து நடுப்பாதையில் நடந்து வந்தாள். பிற்பாடு அவள் சொன்னது: "கோயில் முடியவே இல்ல போல இருந்துச்சுங்க. இன்னும் எம்புட்டு தூரம் நடக்கணுமோன்னு பயமா இருந்துச்சு." அந்தச் சுவரைப் பார்க்க வேண்டிய விதமாகப் பார்த்தது அநேகமாக அவள் ஒருத்திதான்.

தாலி கட்டும்போதே பின்னால் குசுகுசுப்பு இருந்தது. கல்யாண வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வெடித்துவிட்டது. பெண்கள் பக்கமிருந்து பார்த்தால் அந்த மண்டபம் ஆண்கள் பக்கம் வளைந்து போகிறது. ஆண்கள் பக்கமிருந்து பார்த்தால் பெண்கள் பக்கம் வளைகிறது. உட்கார்ந்து பார்த்தால் தரை மேடேறுகிறது. நிஜ உத்தரமும் பெயிண்ட் உத்தரமும் சந்திக்கிற இடத்தில் மரம் முறிந்து தொங்குகிற மாதிரி ஒரு மடிப்பு. "உத்தரம் ஒடிஞ்சு கெடக்கு, எம் பிள்ள மேல விழுந்திரும்" என்று கைக்குழந்தைக்காரி ஒருத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் எழுந்தார்கள். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

4

பூசை முடிந்ததும் எங்களை முன்னால் கூப்பிட்டார். சனம் கலையவில்லை.

"யாரு போட்ட அளவு இது?"

சவரிமுத்து என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

உபதேசியார்தான் பதில் சொன்னார். "வரைஞ்சது சவரிமுத்து சாமி. கை கோணிப் போச்சு போல."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவனாச்சே மரியதாஸ். கூடவே இருந்திருக்க. கோணுதுன்னு நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

கனடாவில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்க, அவர் எழுத வேண்டிய நற்சான்றுக் கடிதம் அந்த நேரத்தில் அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. ஒழுக்கம், நேர்மை என்று அதில் இரண்டு வார்த்தை உண்டு. நானே தட்டச்சு செய்து கொடுத்தது.

"கவனிக்காம விட்டுட்டேன் சாமி" என்றேன்.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான். நாலு நாளைக்கு முன்புதான் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையை ஊர் நடுவில் எப்படிக் காட்டிக்கொடுப்பான்?

அடுத்த நாள் வெள்ளனே அவனே சுண்ணாம்பு கரைத்து, அவனே அந்தச் சுவரை வெள்ளையடித்தான். நான் போகவில்லை. புதுமாப்பிள்ளை விருந்து என்று சொல்லி மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரெஜினா போயிருந்தாள். திரும்பி வந்தவள் என்னிடம் கேட்டாள்: "நான் நடந்து வந்தப்ப நேராத்தான இருந்துச்சு. நீங்க ஏன் சொல்லல?"

நம்மூரில் பட்டப்பெயர் வைப்பதற்கு ஆளுக்கா பஞ்சம்? 'கோணக்கை' என்று வைத்தார்கள். முதலில் கேலிக்கு. அப்புறம் ஹோட்டல்காரர்கள் நல்ல வேலைக்கு அவனைக் கூப்பிட யோசித்தார்கள். 'கோணக்கை கிட்டயா குடுக்கப் போறீங்க?' என்று யாராவது சிரித்தால் போதும், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே அவன் மனைவியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பழனிக்கு இறங்கிவிட்டான்.

5

எங்கள் வாழ்க்கை இங்கே குறைவில்லாமல் போகிறது. காலையில் பனியை வாரித் தள்ளுவது, மாலையில் வந்து மறுபடியும் வாரித் தள்ளுவது. அனிதாவிடம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சில நாட்களில் இருவருக்குமே பதில் கிடைத்துவிடும்.

நகராட்சிக் கதை நடந்த இரண்டாம் நாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா ஏன் கோபமாக இருக்கிறாள் என்று கேட்டாள். சரி, பெண்ணுக்கும் தெரியட்டும் என்று காகிதத்தில் ஆணியும் நூலும் வரைந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சலித்துக்கொண்டாள். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் போன வருஷமே சொல்லிக்கொடுத்தாயிற்று, தண்டவாளம் வரைந்து காட்டினார்கள் என்றாள். மேல்நாட்டு ரகசியம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இங்கே நாலாம் வகுப்புப் பாடம்.

பிறகு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "அங்கே உட்கார யாருமே இல்லை என்றால், யாருடைய கண்ணுக்காக வரைந்தீர்கள் அப்பா?"

என் கண்ணுக்காகத்தான். வேறு யாருக்கு?

6

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தோம். இங்கிருந்து போகும்போதே சவரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். விமானத்தில் வசனம்கூடத் தயார் செய்தேன்.

பழனியில் அடிவாரத்துக்குப் போகிற தெருவில் ஒரு பஞ்சாமிர்தக் கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தான். வாழைப்பழச் சீப்பு ஒன்று பலகையிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து, "வாங்க மாப்ளே" என்றான். முன்பெல்லாம் 'வாடா'. தங்கச்சி புருஷனுக்கு மரியாதை கொடுப்பது நம் வழக்கம்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு வலித்தது.

அனிதாவுக்கு அப்போது எட்டு வயது. வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தான். "பாப்பா எங்கன நிக்கப் போறீங்க?" என்று கேட்டான். அவள் ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே போய், அவள் உயரத்துக்குக் குந்தி, கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கடை வாசல் சிமெண்டுத் தரையில் நாலைந்து கோடு, கரித்துண்டால் ஒரு இழுப்பு. திரும்பி நின்று பார்த்தவள் சட்டென்று பின்னால் குதித்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். தரையில் படிக்கட்டோடு ஒரு குழி. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பை நான் அந்தப் பயணம் முழுக்க வேறெங்கும் கேட்கவில்லை.

ரெஜினா குழந்தையை அண்ணியிடம் கூட்டிப்போனதும் நான் ஆரம்பித்தேன். "மச்சான், அன்னைக்குக் கோயில்ல..."

"விடுங்க மாப்ளே."

"இல்ல, நான் சொல்லித்தான் ஆகணும். தப்பு என்னோடது."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "நூலு ஒங்க நூலு, புள்ளி ஒங்க புள்ளி. எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும், ரெஜினாவுக்குத் தெரியும். தெரிஞ்சவங்களே மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டா என்ன ஆகப் போகுது? தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"நாளைக்கழிச்சு ஞாயித்துக்கெழம. மேல பூசைக்குப் போவீங்கள்ல. எல்லாரும் இருப்பாங்க."

"நீயும் வா."

"நான் அங்கன வாரதில்ல. எம் மகளுக்குப் புதுநன்மைச் சடங்கு கூட இங்க பழனியிலதான் குடுத்தோம். ரெஜினா கல்யாணத்தோட சரி" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்புறம், சாப்பிட்டுவிட்டு வெரசாக் கிளம்புங்கள், மேலே போகிற பஸ் நிற்காது என்று எங்களை எழுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் தரையில், நான் மட்டும் நாற்காலியில். வெளிநாட்டுக்காரன் அல்லவா. சாமியார் புதியவர், உபதேசியார் பழையவர். பூசை முடிந்ததும் உபதேசியார் என் தோளில் சால்வையைப் போட்டு, இந்த மண்ணில் பிறந்து கடல் கடந்து புகழ் சேர்த்தவர் என்று ஏதேதோ சொல்லி, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார். "நாலு வார்த்தை பேசுங்க."

எனக்கு நேரே வெள்ளைச் சுவர். கேட்க ஊர் முழுக்க இருந்தது. பேச வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று. வாயில் வந்துவிட்டது, சத்தியமாக நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சால்வை போட்ட கை இன்னும் என் தோளில் இருந்தது. கோணிப் போச்சு என்று சொன்ன அதே ஆள்.

நான் பனியைப் பற்றிப் பேசினேன். கனடாவில் ஏரி உறைந்துவிடும், அதன்மேல் காரோட்டலாம் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மூச்சு விட்டால் மீசையில் ஐஸ் கட்டும் என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு. பிள்ளைகளை நன்றாகப் படிக்க வையுங்கள் என்று முடித்தேன். கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் ரெஜினா மட்டும் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வத்தலக்குண்டு பஸ்ஸில் மலையை விட்டு இறங்கினோம். கீழே வெக்கை முகத்தில் அடித்ததும் ரெஜினா சொன்னாள். "பனியப் பத்தி ரொம்ப நல்லாப் பேசுனீங்க."

வெட்கம். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. கடிதத்துக்குப் பயந்தது ஒரு தடவை, அதற்காவது ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை எனக்கு எந்த நஷ்டமும் இருந்திருக்காது. ஒரு சால்வை போயிருக்கும்.

7

இந்தக் குறிப்பை நம் பக்கத்து ஆட்கள் படிக்கிற இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கீழே உள்ள பகுதியை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து, எங்கள் கோயில் உபதேசியாருக்கும் சாமியாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் ஆட்சேபம் உண்டா என்று கோயிலில் ஓலை வாசிப்பதைப் போல மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, சனம் கலைவதற்கு முன்னால் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். வாசிப்பார்களா என்று தெரியாது. உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, அவருக்கும் இது சங்கடம்தான். வாசிக்காவிட்டாலும் பத்திரிகை அந்த ஊருக்குப் போகும். சவரிமுத்துவுக்கு நான் அனுப்பவில்லை. அவனுக்குத் தெரிந்ததுதான்.

'எங்கள் ஊர்ச் சபையாருக்கு, மரியதாஸ் எழுதுவது. நம் கோயில் பீடத்துச் சுவரில் முன்பு வரைந்து, பிறகு வெள்ளையடிக்கப்பட்ட படத்துக்கு அளவு போட்டது நான். நீங்கள் யாரும் உட்காராத நடுப்பாதையில், நீங்கள் யாரும் பார்க்காத உயரத்தில் புள்ளி வைத்தது நான். அது தவறு என்று ஆணி அடிக்கும் முன்பே சவரிமுத்து சொன்னார். நான் கேட்கவில்லை. சாமியார் கேட்டபோது, கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன். சவரிமுத்துவின் கை ஒருநாளும் கோணியதில்லை. அவருக்கு வைத்த பட்டப்பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது. இது முழுக்க என்னுடைய பிழை.'

தபாலில் போடுவதற்கு முன்னால் ரெஜினாவிடம் கொடுத்தேன். கடைசி வரியில் முதலில் நான், 'என்னுடைய சிறு பிழை' என்றுதான் எழுதியிருந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். அனிதாவின் பென்சிலை எடுத்து, 'சிறு' என்பதை மட்டும் அடித்துவிட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தாள்.